கூரை மடங்கும் காருக்கு ஸ்பீக்கர் எடுக்கும்போது

மினி கன்வெர்ட்டிபிளோ, பிஎம்டபிள்யூ இசட்4-ஓ, ஸ்பீக்கர் மாற்றக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "வாட்ஸ் அதிகமுங்க, தாராளமா எடுங்க" என்பதுதான். வாட்ஸைக் கடைசியில் பார்த்தால் போதும்.

கூரையை மடக்கியதும் இரண்டு இழப்பு. மூடிய காருக்குள், சுமார் 60–70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ், அதாவது ஆழ்ந்த ஒலி, தானாகவே ஏறிக் கேட்கும். அடைத்த சிறு இடம் செய்யும் வேலை அது. கூரை போனால் அந்த ஏற்றமும் போச்சு. மிச்சமிருக்கும் பேஸைக் காற்றிரைச்சலும் டயர் இரைச்சலும் மூடிவிடும், ஏனென்றால் அவற்றின் பலமும் தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. 90 கி.மீ. வேகத்தில் உள்ளே இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் குறுக்கே அடிக்கும்போது இன்னும் கூடும்.

ஆகவே காசை எடுக்கும் முன், பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் மாட்டும் காற்றுத் தடுப்பு வலை இல்லாவிட்டால் அதை முதலில் வாங்குங்கள். இரைச்சலைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. குறைக்காமல் மேலே மேலே சத்தம் வைத்தால் காதுக்குத்தான் கேடு: 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம்.

இனி ஸ்பீக்கர். அட்டைப்பெட்டியில் தேட வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் பலத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. 3 டெசிபல் கூடினால் ஆம்ப்ளிஃபயர் பலத்தை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தம், 92 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட்டிலேயே வந்துவிடும். ஆனால் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். 1 வாட், 1 மீட்டர் என்றிருந்தால் நல்லது. 2.83 வோல்ட் என்றிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்குள் 2 வாட் போகிறது, எண் 3 டெசிபல் உப்பித் தெரியும். அப்படிப் போட்ட 92-ஐ 89 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன் கதவுக்கு உண்மையான 90-க்குக் குறையாமல் எடுங்கள். வாட்ஸில், தொடர்ந்து தாங்கும் பலத்தைச் சொல்லும் ஆர்எம்எஸ் மட்டுமே கணக்கு. பீக், மேக்ஸ் என்று பெரிதாக அச்சடித்ததை மறந்துவிடலாம்.

உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனென்ட் செட்டே நல்லது. ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடியின் முன் மூலையிலுள்ள முக்கோணத்தில் காதுக்கு நேராக வைத்தால் பாட்டின் வார்த்தை காற்றை மீறிக் கேட்கும். ட்வீட்டரில் அதிரும் குமிழான டோம் பட்டாக இருந்தால் நீண்ட பயணத்துக்கு இதம். உலோக டோம் திறந்த காரில் தெளிவு, கூரை மூடினால் கொஞ்சம் குத்தும். பின் ஸ்பீக்கரில் பணம் போடாதீர்கள். இரண்டு சீட் காரில் அந்தக் கேள்வியே இல்லை.

ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோன் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காகவும், அதைச் சுற்றிய விளிம்பு ரப்பராகவும் இருக்கட்டும். ஃபோம் விளிம்பு வெயிலிலும் ஈரத்திலும் உதிர்ந்துபோகும், பூசாத காகிதக் கோன் மழையில் தளரும். படகுக்கென்று விற்கும் மரைன் ரகமும் பொருந்தும்.

பலரும் சறுக்குவது அளவில். 6.5 அங்குலம் என்று இரண்டு கார்களுக்குப் போட்டிருந்தாலும் ஆழம் ஒன்றாக இருக்காது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் இடத்திலிருந்து கண்ணாடிவரை அளந்து, அதில் 5 மி.மீ. கழியுங்கள். முன்பக்க இடைவெளிக்கு, கதவுப் பேனலின் உள்ளே சப்பாத்தி மாவு உருண்டையை ஒட்டி, பேனலைப் பொருத்திக் கழற்றினால் மாவு நசுங்கிய கனமே உங்களுக்குக் கிடைக்கும் இடம். பின்பக்கத்தில் ஏதாவது வைப்பதாக இருந்தால் கூரையைப் பாதி மடக்கிய நிலையில் நிறுத்தியும் அளக்க வேண்டும். மடங்கும் கை எங்கே இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அளவு இடித்தால் இடையில் வளையம் வைக்கலாம். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் வேண்டாம், கதவுக்குள் ஓடும் மழைநீரில் ஊறி உப்பிவிடும். எச்டிபிஇ பிளாஸ்டிக் தகடு வாங்கி, கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவதொரு லேத் பட்டறையில் கொடுத்தால் வரைபடத்துக்கு ஏற்றபடி கடைந்து தந்துவிடுவார்கள். கோவையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.

இந்தக் கார்களின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கதவு திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் தானாக இறங்கும். ஆகவே பேட்டரியைக் கழற்றும் முன் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவைத் திறக்கையில் கூரை ரப்பரில் சிக்கும். மைனஸ் முனையைக் கழற்றி 10 நிமிடம் பொறுத்துப் பேனலில் கைவையுங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது. சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும்; பேனலின் பின்னுள்ள தடுப்புத் தாளைக் கிழித்தபடி விட்டால் அது சரியாக வேலை செய்யாது.

கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். ஜமாப் மேள அடி 'தொம்' என்று விழுவதும் தகரம் போல அதிர்வதும் இதைப் பொறுத்தது, ஸ்பீக்கர் விலையைப் பொறுத்தது அல்ல. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். ஸ்பீக்கருக்கு மேலே பாதி வட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று போதும். முழுக்க மூடும் ஃபோம் கிண்ணம் மழையையும் தடுக்கும், பேஸையும் தின்றுவிடும்.

கம்பெனி ஸ்டீரியோ 50×4 என்று எழுதியிருந்தாலும் ஒரு சேனலுக்கு 15–22 வாட் ஆர்எம்எஸ்தான் தரும். 4×75 வாட் கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் வகை) ஆம்ப் எடுங்கள். அதற்கு 8 கேஜ் முழுச் செம்பு வயர் போதும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைத் தள்ளிவிட்டு, பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் போடுங்கள். ஆம்பின் கெயின் (உள்வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) வைக்க ஸ்பீக்கரைக் கழற்றி, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஆம்ப் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓமுக்கு 75 வாட் என்றால் 17.3 வோல்ட் வரும்வரை கெயினை ஏற்றுங்கள். முன் ஸ்பீக்கருக்கு, தாழ்ந்த பேஸை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ், சத்தமாகக் கேட்பவர்கள் 100. இதைப் போடாமல் விட்டால் கேட்கவே கேட்காத பேஸுக்காகக் கோன் ஆடி ஆடி, உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும்.

டிக்கியில் பேஸுக்கென்று பெரிய வூஃபர் வைப்பது வீண். கூரை மடங்கும் அறை நடுவே நிற்பதால் சத்தம் உள்ளே வராது. சீட்டுக்கடியில் 8 அங்குலம், இடம் இருந்தால் மட்டும்.

டிஎஸ்பி (ஒலியை அலைவரிசை வாரியாகத் திருத்தும் சிப்) உள்ள ஆம்ப் கிடைத்தால் இரண்டு ப்ரீசெட், அதாவது சேமித்த அமைப்பு, வையுங்கள். கூரை திறந்ததற்கு 100–200 ஹெர்ட்ஸில் 4 டெசிபல், 2–4 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் கூட்டலாம். மூடியதற்கு இரண்டையும் பழையபடி இறக்குங்கள்.

மாட்டியதும் பேஸ் மெலிந்து கேட்டால் ஒரு பக்க வயர் தலைகீழாக இருக்கும். ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கோன் வெளியே தள்ளும்.