ஆம்ப்புக்குப் பின்னால் கம்ப்ரெஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் ஆம்ப் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் கருவி) பக்கம் வந்ததும், ஆம்ப்புக்குப் பின்னால் பெரிய சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்தும் அவுட்புட் கம்ப்ரெஷன் குமிழைத் திருகிப் பார்க்காமல் விடுவதில்லை. திருகியதும் டோன் கெட்டியாகிறது, நோட்டு நீண்டு நிற்கிறது. இது நல்ல கருவிதான், நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் புதிதாக வருகிறவர்கள் தயார் செய்து கொண்டுவரும் பிரீசெட்களை (சேமித்து வைத்த டோன் அமைப்புகளை) கேட்டால், ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. கம்ப்ரெசரை ஆன் செய்ய மறப்பது, ரேஷியோவை (எவ்வளவு அமுக்குவது என்ற விகிதத்தை) கடைசிவரை ஏற்றுவது போன்றவை காதுக்கே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். டோன் கெட்டதே தெரியாமல் கெடுக்கும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் ஒன்று என்று நினைப்பது

ஆம்ப்புக்கு முன்னால் கம்ப்ரெசர் பெடலை வைத்தால், ஆம்ப்புக்குள் போகிற சிக்னலே சமமாகிவிடுகிறது. மெதுவாக அடித்தாலும் பலமாக அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு டிரைவ்தான், அதாவது கரகரப்புதான், கிடைக்கும். பின்னால் வைத்தால் கதை வேறு. டிரைவ் எவ்வளவு என்பதை உங்கள் கை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கம்ப்ரெசர் தொடுவது சத்தத்தின் அளவை மட்டும்.

அதனால்தான் லேசாக உடையத் தொடங்கும் டோன்களுக்கு அவுட்புட் கம்ப்ரெஷன் இவ்வளவு பொருந்துகிறது. மென்மையாக மீட்டினால் சுத்தமான ஒலி, அழுத்தினால் கரகரப்பு. இரண்டுக்கும் நடுவே சத்தம் மட்டும் தாவிக் குதிக்காது. டிரைவையும் சமமாக்க வேண்டுமென்றால் முன்னால் வையுங்கள். கை சொல்கிறபடி டிரைவ் மாற வேண்டுமென்றால் பின்னால்.

சத்தம் கூடியதை டோன் கூடியதாக எண்ணுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். அதிக இழப்பு வருவதும் இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். த்ரெஷோல்ட் (அமுக்கத் தொடங்கும் அளவு) -20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்வோம். பிக் அடிக்கும் உச்சம் -8 டெசிபல். அதாவது த்ரெஷோல்டைவிட 12 டெசிபல் மேலே. கம்ப்ரெசர் அதை 3 ஆகக் குறைக்கிறது, உச்சம் -17 ஆகிறது. ஆக, 9 டெசிபல் குறைந்துவிட்டது. இப்போது அந்தக் குறைவை ஈடுகட்டும் மேக்கப் கெயினை 9 டெசிபல் ஏற்றுகிறீர்கள். உச்சம் மறுபடி -8. பீக் மீட்டரைப் பார்த்தால் முன்பிருந்த அதே இடம், எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் த்ரெஷோல்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் முழுசாக 9 டெசிபல் மேலே வந்துவிட்டது: நோட்டின் வால், கம்பியில் விரல் உரசுவது, பிக்கப்பின் ஹம், எல்லாமே. சராசரி சத்தம் நன்றாகவே கூடிவிட்டது. மீட்டர் அதைக் காட்டவில்லை.

சத்தம் கூடும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் கூடுதலாக உணர்கிறது. பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆக, "கம்ப்ரெசர் போட்டதும் டோனுக்கு உடம்பு வந்துவிட்டது" என்று சொல்வதில் பெரும்பகுதி வால்யூம் ஏறியதுதான். சில பிளகின்களில் மேக்கப் கெயின் தானாகவே ஏறிவிடும். அப்போது கை வைக்காமலே ஏமாறுகிறோம்.

ஒரு தம்பி ஒரு நாள் தன் பிரீசெட்டைக் கொண்டுவந்தார். கம்ப்ரெசரை பைபாஸ் செய்தால் (விலக்கினால்) டோன் செத்துவிடுகிறது, போட்டால் உயிர் வருகிறது என்றார். கம்ப்ரெசரின் அவுட்புட்டை மட்டும் குறைத்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தேன். அவர் நல்லது என்று சுட்டியது பைபாஸை. பிக்கின் அடி அதில்தான் தெளிவாக இருந்தது.

அவருக்கு அது ஒரு பிரீசெட்டோடு போயிற்று. ரெக்கார்டிங்கில் இதே தவறு நடந்தால் மீட்க வழியில்லை. ஒருமுறை மிக்ஸிங்குக்காக என்னிடம் வந்த பாட்டில் ரிதம் கிட்டார் டிராக்குகள் எல்லாமே இப்படி அழுத்தப்பட்ட ஒலியாகவே பதிவாகியிருந்தன. தனியாகக் கேட்டால் பிரமாண்டம். டிரம்ஸோடு சேர்த்தால் கிட்டார் ஒரு சுவர்போலப் பின்னால் நின்றது, தாளத்தைத் தள்ளவில்லை. ஈக்வலைசரால் பிக் அடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடியின் தொடக்கத்தைத் தூக்கிக் காட்டும் டிரான்சியன்ட் ஷேப்பர் போட்டுப் பார்த்ததில் கூடவே இரைச்சலும் துருத்தியது. ஆம்ப்புக்குள் போகும் முன் உள்ள நேரடி கிட்டார் சிக்னலை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. முதலில் லூப்பரை ஆம்ப்புக்கு முன்னால் வைத்து ஒரு பகுதியைப் பதிந்து ஓடவிடுங்கள். நீங்களே வாசித்துக்கொண்டு ஒப்பிட்டால், கேட்கும் டோனுக்குத் தகுந்தபடி கை மாறிவிடும், ஒப்பீடு கெட்டுவிடும். அப்புறம் பீக் மீட்டரை மறந்துவிட்டு, சராசரியைக் காட்டும் எல்யூஎஃப்எஸ் மீட்டரை வைத்துப் போட்ட நிலையையும் போடாத நிலையையும் சமன் செய்யுங்கள். கடைசியாகக் காதால் சரிபாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். பதியும்போது நேரடி சிக்னலையும் தனி டிராக்கில் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஆம்ப் வழியே ஓட்டி ரீஆம்ப் செய்துகொள்ளலாம்.

ஹை கெயினில் போடுவது

கெயினை நிறைய ஏற்றினால் வரும் டிஸ்டார்ஷனே ஒரு கம்ப்ரெஷன்தான். அதற்கு மேல் அழுத்தினால் மேலே வருவது இரைச்சல் மட்டும்.

அட்டாக், ரிலீஸ் அளவுகளை அப்படியே காப்பியடிப்பது

1176 என்ற ஸ்டூடியோ கம்ப்ரெசர் வகையில் அட்டாக் (அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோ செகண்ட் வரை. மிக மெதுவாக வைத்தாலே ஒரு மில்லி செகண்டுக்குள் பிடித்துவிடும். போதாததற்கு, அதன் குமிழ்கள் வலப்பக்கம் திருப்பினால் வேகமாகும். மற்ற கருவிகளில் பழகிய கை நேர் எதிராகத் திருப்புகிறது. பிக்கின் அடி வெளியே வர வேண்டுமென்றால், மில்லி செகண்டில் அளவு காட்டும் கம்ப்ரெசரில் 20 அல்லது 30-இல் தொடங்குங்கள்.

ரிலீஸில், அதாவது அமுக்கியதை விடும் நேரத்தில், இன்னொரு சிக்கல். வழக்கமான டியூனிங்கில் கீழ் ஈ கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். ஒரு அலை முடியவே 12 மில்லி செகண்ட் ஆகும். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட வேகமாக இருந்தால், கம்ப்ரெசர் நோட்டின் சத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அலையையும் துரத்தும். அதனால் வரும் கரகரப்பை ஆம்ப் மேல் பழி போட்டு, கெயினைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

பாம் மியூட்டைக் கவனிக்காமல் விடுவது

பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கி வாசிப்பது) அடிக்கும்போது அடியில் எழும் கனமான "தும்" ஒலி கம்ப்ரெசரை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தூண்டும். அந்த நொடியில் மேலே இருக்கும் தெளிவும் சேர்ந்து அமுங்கிவிடும். சைட்செயினில் (கம்ப்ரெசர் கேட்டு முடிவெடுக்கும் சிக்னலில்) கீழ் ஒலியை வடிகட்டும் ஹைபாஸ் இருந்தால் 120 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பாருங்கள். கேபுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) பிறகு கம்ப்ரெசரை வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம், கேப் அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும்.

சாக் வேண்டும் என்று இதைத் திருகுவது

வால்வ் ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில் பலமாக அடித்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கப்பட்டு, மின்னழுத்தம் சற்றே இறங்கி, பிறகு மீளும். இதுதான் சாக். அப்போது சத்தம் அமுங்குவதோடு ஆம்ப் சீக்கிரமே உடையவும் செய்கிறது. அவுட்புட் கம்ப்ரெஷன் சத்தத்தை மட்டும் அமுக்கும், உடைவதைத் தராது. மாடலரில் சாக் என்று தனிக் குமிழ் இருந்தால் அதைத் தொடுங்கள்.

டிலே, ரிவர்ப்

இந்த எதிரொலி எஃபெக்ட்களைக் கம்ப்ரெசருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் இருந்தால் வால் பொங்கிப் பொங்கி வரும்.

மாஸ்டரை மாற்றிவிட்டு த்ரெஷோல்டை அப்படியே விடுவது

மாஸ்டர் வால்யூமை ஏற்றி ஆம்பிலிருந்து 6 டெசிபல் கூடுதலாக வந்தால், த்ரெஷோல்டை 6 டெசிபல் இறக்கியதற்குச் சமம். மாஸ்டர், சேனல், கேப் எது மாறினாலும் கெயின் ரிடக்‌ஷன் மீட்டரை ஒருமுறை பாருங்கள். பலமாக அடிக்கும்போது 3, 4 டெசிபல் இறங்கி, நோட்டு தேயும்போது முள் முழுசாகத் திரும்பி வர வேண்டும். திரும்பி வராமல் அங்கேயே நின்றால் த்ரெஷோல்டை ஏற்றுங்கள்.