சல்லடை வலை பதித்த தோல் கைப்பட்டை

முதலில் கெட்டுப்போன கைப்பட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பாடம் அதில்தான் இருக்கிறது. அக்கா மகன் கேட்டான் என்று செய்தது. பழைய ஜன்னலில் இருந்து கழற்றிப் போட்டிருந்த கொசுவலைக் கம்பியை வெட்டி, தோலுக்கு நடுவில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜூன் மழையில் அதைக் கழற்றாமல் இரண்டு வாரம் சுற்றினான். வலையைச் சுற்றித் தோல் நீலக் கறுப்பாகிவிட்டது. அவன் கையை வைத்துப் படுத்த தலையணை உறையிலும் அதே கறை. துவைத்தேன், எலுமிச்சை தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை.

இங்கே ரங்கூனில் தெயின்ஜி மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தோல்கிட்ட இரும்பை வெச்சா மை ஊறாம என்ன செய்யும் தாயி? கடுக்காய்த் தண்ணியில அன்னபேதியப் போட்ட கதைதான்” என்றார்.

அவர் சொன்னது சரி. அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை ஆகிவிடும். அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் எழுதிய மையும் இதே சேர்க்கைதான். ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை காற்றே ஈரம். வலையைத் தப்பாக எடுத்தால் கைப்பட்டை தானே மை காய்ச்சிக்கொள்ளும்.

அப்படியானால் பித்தளை வலை போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், மஞ்சள் மினுக்கம் தோலுக்கு எடுப்பாகவும் இருக்கும். ஆனால் தோலில் இருக்கும் கொழுப்பும் நம் வியர்வையும் பட்டு, சில மாதத்தில் ஓரமெல்லாம் பச்சை பூக்கும். செம்பும் அப்படியே. எனக்கு அந்தப் பச்சை பிடிக்காது. ஆகவே எவர்சில்வர் சல்லடை வலை. டீக்கடை வடிகட்டியில் இருக்குமே, அது. அங்குலத்துக்கு முப்பது கண் அளவில் இருந்தால் நல்லது. அதைவிடப் பொடிக் கண் என்றால் தூரத்தில் வெறும் தகடு மாதிரித் தெரியும், பெரிய கண் என்றால் கோழிக்கூண்டு மாதிரி.

கடைக்காரர் எல்லாவற்றையும் எவர்சில்வர் என்றுதான் சொல்வார். காந்தம் வைத்துப் பாருங்கள், பச்சென்று ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. லேசாக இழுத்தால் மட்டும் தள்ளிவிடாதீர்கள், எவர்சில்வரைக் கம்பியாக இழுக்கும்போது கொஞ்சம் காந்தம் ஏறுவது உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்து சாசரில் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் துரு தெரிந்தால் வேண்டாம்.

தோலுக்குக் கடையில் முழுத்தோல் வாங்க வேண்டியதில்லை. செருப்பு, பை செய்கிறவர்களிடம் வெட்டுத்துண்டு இருக்கும், வீசைக் கணக்கில் அள்ளித் தருவார்கள். விலையை எழுதவில்லை, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே வரை பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் போட்டுப் பதனிட்டது, அதில் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் தெரியும், பட்டைத்தோல் உடனே குடித்துக் கறுக்கும். வெளியே தெரியும் மேல்தோல் ஒன்றரை மில்லிமீட்டர், கையில் படும் உள்தோல் ஒரு மில்லிமீட்டர் கனம் போதும்.

இனி அளவு. மணிக்கட்டை நாடாவால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். என் கணக்கு: சுற்றளவோடு அரை அங்குலம் தளர்வு, பட்டன் மேலேறுவதற்கு முக்கால் அங்குலம். ஆறரை அங்குல மணிக்கட்டுக்கு மொத்தம் ஏழே முக்கால். அகலம் ஒன்றரை. மேல்தோலின் நடுவில் மூன்று அங்குல நீளம், அரை அங்குல அகலத்தில் ஜன்னல் வெட்ட வேண்டும். மூலைகளைக் கூராக விடாதீர்கள், முதலில் நான்கு மூலையிலும் பஞ்ச் கருவியால் ஓட்டை போட்டு, பிறகு ஓட்டைக்கு ஓட்டை கத்தியால் இழுங்கள். கூர் மூலை ஒருநாள் கிழியும். தையல்காரிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாக்கெட் ஓரம் கிழிகிற இடமும் அதுதான்.

உள்தோலில் ஜன்னல் கிடையாது. அதனால் வலை கையில் உரசாது, அப்புறம் வலைக்குப் பின்னால் இருக்கும் தோலின் நிறம் கண்களின் வழியே தெரியும். நான் அரக்குச் சிவப்புத் தோல் வைப்பேன்.

வலையை மூன்றரைக்கு ஒரு அங்குலம் வெட்ட வேண்டும். ஜன்னலைவிட நாலு பக்கமும் கால் அங்குலம் கூடுதல். வெட்டும் கோட்டின் மேல் முதலில் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்துத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். டேப் இல்லாமல் வெட்டினால் ஓரக் கம்பிகள் உருவி விழும், பொடித்துண்டு கண்ணுக்குப் பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. எனக்கு ஒரு துண்டு நகக்கண்ணில் ஏறி நாலு நாள் ஊசியே பிடிக்க முடியவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த வேலை. வலையைக் குறட்டால் பிடித்து அடுப்புத் தணலுக்கு மேலே காட்டுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் பரவும், அது பழுப்பாகி, கத்தரிப்பூ நிறமாகி, கடைசியில் மயில்கழுத்து நீலம். பிடித்த நிறம் வரும்போது எடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் சாம்பல்தான். ஒரு முனையை மட்டும் தணலில் காட்டினால் மஞ்சளில் தொடங்கி நீலத்தில் முடியும் வலை கிடைக்கும். சாயம் இல்லை, செலவும் இல்லை. துத்தநாகம் பூசிய வலையை மட்டும் தீயில் காட்டவே கூடாது, அந்தப் புகை ஆளைப் படுக்கப் போட்டுவிடும்.

ஒட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு தோலையும் மேசையில் தட்டையாக வைத்து ஒட்டினால், கையில் வளைக்கும்போது உள்தோல் சுருங்கி மடிப்பு விழும். வெளிவட்டம் பெரிது, உள்வட்டம் சிறிது. நம் கனத்துக்கே எட்டு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரும். அதனால் மேல்தோலின் உட்புறத்தில் வலையை ஒட்டிவிட்டு, இரண்டு தோலுக்கும் செருப்புப் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, சோடா பாட்டிலின் மேல் வளைத்தபடி ஒட்டுங்கள். உள்தோல் கீழே, மேல்தோல் மேலே. நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் உள்தோலைக் கடைசியில் வெட்டிவிடலாம்.

தையல் ஓட்டைக்கு இடம் குறிக்க என்னிடம் தனிக் கருவி கிடையாது. சாப்பாட்டு முள்கரண்டியை ஓரத்தில் அழுத்தினால் ஒரே இடைவெளியில் நாலு புள்ளி விழும், கடைசிப் பள்ளத்தில் முதல் முள்ளை வைத்து நகர்த்திக்கொண்டே போகலாம். ஜன்னல் ஓரத்தில் இருந்து அரைக்கால் அங்குலம் தள்ளி ஒரு வரி, வெளி ஓரத்தில் இருந்து அரைக்கால் தள்ளி இன்னொரு வரி. குத்தூசி வலையைத் துளைக்கும்போது பலம் போடாதீர்கள், முனையை லேசாகத் திருகினால் கம்பிகள் தானாக விலகி வழிவிடும்.

மெழுகு நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து இழுங்கள். தைக்கும் நீளத்தைப்போல் நாலு மடங்கு நூல் வேண்டும், ஜன்னல் வரிக்கு மட்டும் ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். கரண்ட் இல்லாத நாளுக்கு ஏற்ற வேலை, பகல் வெளிச்சம் மட்டும் வேண்டும்.

டிச்சு பட்டன் இரண்டு நுனியில் இருந்தும் முக்கால் அங்குலத்தில் பாதி தள்ளி வரட்டும். இரண்டு தோலும் சேர்ந்த கனத்துக்குப் பட்டனின் கால் எட்டாமல் போகலாம். அங்கே மட்டும் உள்தோலைக் கத்தியால் சீவி மெலிதாக்கிக்கொள்ளுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தொட்டு, பழைய லுங்கித் துணியால் சூடேறத் தேயுங்கள். பளபளப்பு வந்ததும் தேன்மெழுகு.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் துடைத்து நிழலில் காயவையுங்கள். அக்கா மகனின் இரண்டாவது கைப்பட்டை இரண்டு மழை பார்த்துவிட்டது, கறை இல்லை. அவன் தங்கையுடையதில்தான் தொல்லை. தினமும் கையில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசுகிறாள், அது காய்ந்து வலைக் கண்ணையெல்லாம் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து நான்தான் தட்டி எடுக்கிறேன்.