காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம்: முக்கிய வீரர் படுத்தால் கூடைப்பந்து அணிகள் விடும் பிழைகள்

ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானங்களில் இரண்டு விடயம் சேர்ந்தே நடக்கும். கூடைப்பந்துத் தரையில் தண்ணீர் நிற்கும்; பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் காய்ச்சலில் படுப்பார்கள், அது டெங்குவாகவும் இருக்கலாம். படுத்தது பெஞ்சில் இருக்கிற பிள்ளை என்றால் அணி பெரிதாக அசையாது. பந்தைக் கொண்டுபோகும் போயின்ட் கார்ட் படுத்துவிட்டால்தான் பயிற்றுநர், பொறுப்பாசிரியர், பழைய மாணவர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சனிக்கிழமைக்கு வருவானோ?"

பெரும்பாலான பிழைகள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாம் நாள்? அவன் செய்துவந்த வேலைகள் என்னென்ன, அவற்றை யார் யார் எடுப்பது?

உடம்பு உளைவுக்கு முதலுதவிப் பையைத் திறப்பது

டெங்குவின் முதல் நாளும் கடும் பயிற்சிக்கு அடுத்த நாளும் வெளிப்பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தலையிடி, இடுப்பு நோ, முழங்கால் உளைவு. வித்தியாசம் காய்ச்சலில் இருக்கிறது. தடிமனோ இருமலோ இல்லாமல் திடீரென்று காய்ச்சல் ஏறி, கண்ணுக்குப் பின்னாலும் நோகிறது என்றால் மாரி காலத்தில் முதலில் டெங்குவைத்தான் நினைக்கவேண்டும். நடப்பதோ வேறு. கணுக்கால் பிரண்டவருக்கென்று அணிப் பைக்குள் கிடக்கும் டைக்ளோஃபெனக் குளிசையோ இபுபுரூஃபனோ எடுத்துக் கொடுக்கப்படும். நோ குறையும், பிள்ளை எழும்பிப் பந்தும் அடிக்கும். ஆனால் இந்த வகைக் குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்தம் உறைவதையும் குழப்பும். டெங்குவில் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் சிறு தட்டணுக்கள், எப்படியும் இறங்கப்போகிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் போக வழி திறக்கும். அஸ்பிரினும் இதே வகைதான். தசையில் போடும் நோ ஊசியும் வேண்டாம்.

என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட, வளர்ந்த பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் 8 குளிசையைத் தாண்டக்கூடாது. நிறை குறைந்த பிள்ளைக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. வீட்டில் பனடோல், பயிற்சியில் வேறொரு பெயரில் அதே பரசிற்றமோல் என்று இரட்டிப்பாகப் போவதும் உண்டு. டெங்குவில் ஈரலும் அடிவாங்குவதால் அது சின்ன விடயம் இல்லை.

இன்னொன்று, காய்ச்சல் தொடங்கிய அன்றே இரத்தம் சோதித்து, "எல்லாம் சரியாம்" என்று பயிற்சிக்கு அனுப்புவது. முதல் நாளில் பிளேட்லெட் எண்ணிக்கை ஒழுங்காகத்தான் இருக்கும். முழுமையான இரத்த எண்ணிக்கை, அதாவது எஃப்.பி.சி., மூன்றாம் நாளில் எடுத்தால்தான் போக்குத் தெரியும். பிறகு வைத்தியர் சொல்கிறபடி திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். ஆகவே காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை யாராவது ஒருவர் எழுதி வைத்திருப்பது நல்லது. வைத்தியர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

"காய்ச்சல் விட்டிட்டுது" என்றதும் கூப்பிடுவது

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை இதுதான். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும்போது, இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து வெளியே கசியத் தொடங்கும். இது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். எல்லோருக்கும் கசிவு வருவதில்லை. யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் ஏலாது.

இதைப் போட்டி வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். திங்கள் காய்ச்சல், வியாழன் இரவு சூடு இறங்கியது, வெள்ளி பின்னேரம் "சும்மா வந்து நில்" என்று பயிற்சிக்கு அழைப்பு, சனி போட்டி. வெப்பமானி 98.4 காட்டும் அந்த வெள்ளியும் சனியும்தான் பிள்ளை வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கவேண்டிய நாட்கள். கை கால் குளிர்வது, வயிற்று நோ, விடாத வாந்தி, முரசில் இரத்தம், அந்தரப்படுவது அல்லது தூங்கி வழிவது, 6 மணித்தியாலமாகச் சலம் போகாமலிருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளோ, எது கிட்டவோ அங்கே உடனே கொண்டுபோகவேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

தென்னிலங்கைப் போட்டிக்குப் போகும் அணிகளுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், இராப் பயணம். இரண்டாம் நாள் காய்ச்சலோடு பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றினால், கண்டமான நாள் தாய் தகப்பன் இல்லாத ஊரில், விடுதி அறையில் விடியும். பஸ் நிற்காது என்பதற்காகத் தண்ணீரும் குடியாமல் வரும் பிள்ளை இறங்கும்போதே காய்ந்துபோயிருக்கும். காய்ச்சல் உள்ள பிள்ளை பஸ் ஏறுவதில்லை என்று முன்கூட்டியே விதியாக வைத்துவிட்டால் அன்றிரவு வாதம் வராது.

பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோவதிலும் பிழை உண்டு. காய்ச்சல் நாட்களில் 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிலீற்றர் நீராகாரம் தேவை. வெறும் தண்ணீராகவே அதை நிரப்பாமல் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி, செவ்விளநீர், பால், பழச்சாறு என்று மாற்றிக் கொடுக்கவேண்டும். சூடு இறங்கிய பிறகு அளவை வைத்தியசாலைதான் தீர்மானிக்கும். அந்த நேரம் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் கெடுதி. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். பப்பாசி இலைச் சாறு போத்திலோடு வரும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: பிளேட்லெட் தேறும் காலத்தில் தானாக ஏறும். சாறு குடித்து அது ஏறும் என்று காத்திருந்து வைத்தியசாலைக்குப் பிந்துவதுதான் கேடு.

ஓர் ஆளுக்குப் பதில் ஓர் ஆள்

இனி மைதானத்துக்கு வருவோம். 40 நிமிட ஆட்டத்தில் ஓர் அணிக்கு மொத்தம் 200 ஆட்ட நிமிடம். முக்கிய வீரர் அதில் 34 நிமிடம் ஆடிவந்தவர் என்றால், அந்த 34-ஐயும் அப்படியே இரண்டாம் கார்டின் தலையில் வைப்பதுதான் வழக்கமான பிழை. வைத்தால் என்ன நடக்கும்? எதிரணி முழுத்தரை நெருக்கடி போடும், அதாவது பந்து கிளம்பும் இடத்திலிருந்தே மறிக்கும். புதிய பிள்ளை வலக்கையால் மட்டும் பந்தை அடிப்பவன் என்பது மூன்றாவது தடவையிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இடப்பக்கக் கோட்டை நோக்கித் தள்ளுவார்கள். அவன் முதுகைக் காட்டித் திரும்புவான், இரண்டாவது ஆள் வந்து மூலையை அடைப்பான், நம் பிள்ளை பந்தைத் தலைக்கு மேல் தூக்குவான். 8 செக்கனுக்குள் நடுக்கோட்டைத் தாண்டவேண்டும். அதில் 5 அங்கேயே போய்விடும்.

ஆகவே வேலைகளைப் பிரித்து எழுதுங்கள். பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, பிளே (தாக்குதல் திட்டம்) கூப்பிடுவது, ஒரு தாக்குதலுக்குரிய 24 செக்கன் முடியும் தறுவாயில் எறிவது, எதிரணியின் சிறந்த கார்டை மறிப்பது, கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ (பவுலுக்குக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) எறிவது. இவை ஐந்தும் ஒரே ஆளிடம் இருந்திருக்கலாம். இப்போது மூன்று நான்கு பேரிடம் போகட்டும். பந்து கொண்டுபோக இருவர் எப்போதும் தரையில் இருக்கவேண்டும். நெருக்கடி வந்தால் உயரமான ஃபோர்வர்ட் நடுக்கோட்டருகே வந்து பந்தை வாங்கி, மற்றப் பக்கம் திருப்பவேண்டும். பிளே கூப்பிடுவதைக் கார்டிடமே விடவேண்டுமென்றில்லை; குரல் எடுபடுகிற சென்டர் கூப்பிடலாம்.

பயிற்சியில் 5 பேருக்கு எதிராக 7 பேரை நிறுத்தி, பந்தை நடுக்கோடு தாண்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 10 தடவையில் 7 தடவை சரிவந்தால் போதும். அதற்குக் குறைவென்றால் புதிய பிளே எதையும் தொடாமல் இதையே திரும்பச் செய்யுங்கள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் ஐந்து புதிய பிளே சொல்லிக்கொடுப்பது பயிற்றுநரின் பதற்றத்துக்கு மருந்தாகலாம்; பிள்ளைகள் தரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பழையதில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குப் பயந்து முழு ஆட்டமும் 2-3 ஸோனுக்குள் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளை அல்ல, இடத்தைக் காப்பது) போய் ஒளிவதும் நல்லதல்ல. மூலைகள் திறந்து கிடக்கும், றீபவுண்டில் யாருக்கு யார் பொறுப்பென்று தெரியாது. நான்கு ஐந்து நிமிடத் துண்டுகளாகப் போட்டு எடுத்தால் அது பயன்படும்.

பவுல் கணக்கும் மாறிவிடும். பழகாத கார்ட் கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்ப்பான். கால்பகுதியொன்றில் அணியின் 5-ஆம் பவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட் முதற்பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. முதற்பாதியில் மிச்சம் பிடித்தது பிறகு உதவாது. அணியை அமைதிப்படுத்தும் ஆள் தரையில் இல்லாத நாளில் முதலாவதை ஐந்தாம் நிமிடத்துக்குள்ளேயே எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

ஜேர்சியோடு பெஞ்சில் இருத்துவது

எதிரணி பயப்படட்டும் என்று படுத்த வீரரின் பெயரையும் பட்டியலில் போடுவார்கள். சர்வதேச விதிப்படி 12 பெயர்தான். ஆட்டம் தொடங்கிய பிறகு புதுப் பெயர் சேர்க்க முடியாது. ஓடக்கூடிய ஒரு பிள்ளையின் இடம் வீணாகும். அதைவிட மோசம், ஜேர்சியோடு இருந்தால் கடைசிக் கால்பகுதியில் 3 புள்ளி பின்னால் நிற்கும்போது "இரண்டு நிமிடம் மட்டும்" என்ற ஆசை வரும். பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. வைத்தியர் வெளியே வர விட்டிருந்தால் சாதாரண உடுப்போடு வரட்டும், பவுல் கணக்கு எழுதட்டும். ஜேர்சி வீட்டில் கிடக்கட்டும்.

வீடு திரும்பியதும் முழுப் பயிற்சி

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டிவிட்டார்கள் என்றால் கட்டில் தேவையில்லை என்று பொருள். ஓடலாம் என்று அல்ல. டெங்குவுக்குப் பிந்திய களைப்பு சில வாரங்கள்கூட இழுக்கும். பிளேட்லெட் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டி, வைத்தியரும் சம்மதிக்கும்வரை உடம்போடு உடம்பு மோதும் எதுவும் கூடாது. சம்மதித்த பிறகும் படிப்படியாகத்தான்: முதலில் 15–20 நிமிட நடை, அடுத்து துள்ளாமல் நின்று எறிதல், அடுத்து மெல்லோட்டமும் தனியே பந்தைத் தரையில் அடித்துப் பழகுவதும், பிறகு மோதலில்லாத அணிப் பயிற்சி, அதன் பிறகே ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், பெரும்பாலும் இரண்டு மூன்று. காலையில் எழும்பியதும் நாடி வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 10 கூட அடித்தால் அன்று ஓய்வு. நெஞ்சு நோ, படபடப்பு, தலைச்சுற்று வந்தால் அதோடு நிறுத்தி ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும், டெங்கு இதயத் தசையையும் தொடக்கூடும். முதல் ஆட்டத்தில் 8–10 நிமிடம் போதும், அதுவும் துண்டு துண்டாக.

வைபர் குழுவில் இரத்த அறிக்கையின் படம் போடுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அது பிள்ளையின் அறிக்கை. வீட்டாரைக் கேட்டு, பொறுப்பாசிரியர் ஒருவர் மட்டும் இரண்டு வரி எழுதினால் போதும்.

மைதானத்தை மறப்பது

ஈடிஸ் நுளம்பு கடிப்பது பெரும்பாலும் விடிந்த கையோடும் பொழுதுபடுவதற்கு முன்னும். காலை 6 மணிப் பயிற்சியும் பின்னேரம் 4 மணிப் பயிற்சியும் அந்த நேரம்தான். கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும் என்பதால், ஒருவர் படுத்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கு மற்றவர்களின் உடம்புச் சூட்டிலும் கண் இருக்கட்டும். கம்பத்தின் அடியில் பாரத்துக்குப் போட்ட பழைய ரயர், பந்து அறைக் கூரைப் பீலி, மடித்து வைத்த தறப்பாளின் மடிப்பு, யோகட் கோப்பை, சிரட்டை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் சரிவராது. முட்டை ஓரத்தில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். தும்பால் உரஞ்சிக் கழுவவேண்டும். ரயரை உரஞ்ச ஏலாது. அதற்குள் மண்ணை நிரப்புங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து அகற்றுங்கள்.