கிபெராவுக்கு வருமுன் கால் அளவு அனுப்புங்கள்

நைரோபியில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து தொண்டு செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகளைக் இங்குள்ள பெரிய சேரியான கிபெராவுக்குக் கூட்டிப்போவது ஆறு வருஷமாக என் தலையில் விழுந்த வேலை. ஒவ்வொரு குழுவுக்கும் அதே வாட்ஸப் குரல் பதிவை அனுப்பி அலுத்துப்போய் இப்போது எழுதியே வைக்கிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்தில்தான் இதைக் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியே அடைத்துவைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. அப்புறம் பிளாஸ்டிக் கேரி பேக். 2017 ஆகஸ்டிலிருந்து இங்கே அதற்குத் தடை, சட்டத்தில் 4 வருஷம் வரை சிறை. அம்மா ஊறுகாய் பாட்டிலை எதில் சுற்றியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் ஏப்ரல், மே லீவு இங்கே பெருமழைக்காலம். நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஸ்வெட்டர் வேண்டும். கிபெரா சந்துகளில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகத்தான் ஓடும். அதனால் கம்பூட்ஸ் கட்டாயம்.

"ஆப்பிரிக்காவிலேயே பெரிய சேரி, பத்து லட்சம் ஜனம்" என்று இன்ஸ்டாகிராமில் போடத் துடிக்காதீர்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே எண்ணியவர்கள் 1,70,070 பேர். ஊருக்கு வரலாறும் உண்டு. பிரிட்டிஷ் படையில் இருந்த, சூடான் பக்கத்து நூபியச் சிப்பாய்களைக் குடிவைத்த காடு அது. 'கிப்ரா' என்றால் அவர்கள் மொழியில் காடு. அங்கே உள்ளவர்கள் தங்கள் இடத்தைக் கட்வெகெரா, மக்கினா, லைனி சாபா என்று கிராமப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நடுவில் ரயில் தண்டவாளம் போகிறது. ஜனங்கள் அதன்மேல் நடப்பார்கள், ஓரத்தில் கடை போட்டிருப்பார்கள், ரயிலும் வரும். அங்கே செல்ஃபி வேண்டாம்.

வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் பிள்ளைகள் "முஸுங்கு" என்று கத்தும். உங்களைப் பார்த்து "முஹிண்டி", அதாவது இந்தியக்காரர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிபெராவில் பலருக்கு முஹிண்டி என்றால் கடை முதலாளி, ஃபேக்டரி முதலாளி, வீட்டு வேலைக்குக் கூப்பிடும் அம்மா. நீங்கள் காலேஜ் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியாது. வேலை கேட்பார்கள். அப்போது நம் ஊர் வழக்கப்படி "பார்க்கலாம்" என்று சொல்லிவைக்காதீர்கள். நமக்கு அது 'இல்லை' என்பதன் மரியாதையான வடிவம். நான் ஒருவரிடம் அப்படிச் சொல்லப்போய், மூன்று மாதம் வாராவாரம் ஃபோன் செய்தார். "என்னால் முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மிட்டாய் எடுத்து வராதீர்கள். நான் முதல் தடவை ஐந்து கிலோ வாங்கிப்போனேன். பையைத் திறந்த ஒரு நிமிஷத்தில் நாற்பது பிள்ளைகள். தள்ளுமுள்ளில் ஒரு சின்னப் பெண் சாக்கடையில் விழுந்து, தகரம் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். அவள் அம்மா என்னைத் திட்டவே இல்லை. நான்தான் "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். (போலே என்றால் 'அடடா, வருத்தமாக இருக்கிறது' என்பது மாதிரி. இதை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள்.)

கை குலுக்குவார்கள், ஆள் ஆளாக. போன வருஷம் ஒரு தம்பி ஒவ்வொரு கைக்கும் பிறகு சானிடைசர் தேய்த்தான், கொடுத்தவர் முன்னாலேயே. நாலாவது ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சானிடைசர் பைக்குள் இருக்கட்டும், வெளியே வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

படம் எடுக்க "நினவேசா குபிகா பிச்சா?" என்று கேட்க வேண்டும். பிச்சா என்றால் படம், சிரிக்காதீர்கள். பிள்ளையிடம் கேட்டால் போதாது, பெரியவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்குள் துணி காய்வதையும் தண்ணீர் கேன் அடுக்கியிருப்பதையும் கேட்டாலும் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குளியலறையை யாராவது வந்து எடுத்தால் விடுவீர்களா?

நேரம் குறித்துக்கொள்ளும்போது கவனம். ஸ்வாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்கும். 'சா தாத்து' என்றால் நேர்ப்பொருள் மூன்றாம் மணி, ஆனால் அது காலை ஒன்பது. எங்களைக் கூட்டிப்போகும் அம்மா மண்டாசி (எண்ணெயில் பொரித்த பன் மாதிரி) சுட்டு விற்பவர். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். நாம்தான் லேட்.

அவர் வீட்டில் சாப்பாடு உண்டு. சைவக்காரர்கள் முந்தின நாளே சொன்னால் சோளமும் பீன்ஸும் சேர்ந்த கித்தேரி கிடைக்கும். சொல்லாவிட்டால் ஒமேனா, நெத்திலி மாதிரிக் கருவாடு. தட்டில் வைத்த பிறகு முகம் சுளிக்கக்கூடாது. கழிப்பறைக்குக் காசு உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் வெளியே வந்துவிட வேண்டும், இதில் பேச்சே கிடையாது.

கடைசியாக, வேலை. பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க எல்லோருக்கும் ஆசை. கணக்குக்காரியாகச் சொல்கிறேன்: பதினைந்து பேர் இரண்டு நாள் அடித்த சுவரை அங்கேயே இருக்கும் நாலு ஃபுண்டிகள் (கைவேலைக்காரர்கள்) இன்னும் நேராக அடித்திருப்பார்கள், கூலியும் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு பள்ளியில் தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். ஃபீஸ் நோட்டைக் காட்டினார். பி.காம் படிக்கும் ஒரு பெண் மூன்று நாள் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றி, அங்குள்ள டீச்சருக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஃபோட்டோவுக்கு ஒன்றுமில்லை. அந்த ஷீட் இன்றும் ஓடுகிறது.

கம்பூட்ஸை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். கிபெரா பக்கத்தில் உள்ள டோய் மார்க்கெட்டில் பழையது கிடைக்கும். போகும்போது மண்டாசி அம்மாவிடம் விட்டுவிட்டால் அடுத்த குழுவுக்கு வாடகைக்குக் கொடுப்பார். இப்போது அவரிடம் ஏழாம் நம்பர் இரண்டு ஜோடி, ஒன்பதாம் நம்பர் ஒன்று, அதில் இடதுகால் ஒழுகும்.