பழைய டீசல் கெப்: பில்டர் மாற்றுவதும் லைனில் நிற்கும் காற்றை வெளியே எடுப்பதும்

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடும் பழைய டீசல் கெப் (பிக்கப்) வாகனங்களுக்கெல்லாம் ஒரே வருத்தம்தான். காலையில் சாவியைத் திருப்பினால் கன நேரம் சுற்றும். பிறகு வெள்ளைப் புகையோடு இருமி இருமிப் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடித்த கையோடு நின்றுவிடும். பட்டரி என்பார்கள், ஹீட்டர் பிளக் என்பார்கள், பம்பை இறக்க வேண்டும் என்று பெரிய கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காசைக் கொடுக்க முதல் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: டீசலில் தண்ணீர், டீசல் லைனில் காற்று. தண்ணீரை எடுக்கப் போய்க் காற்றை உள்ளே விட்டுவிட்டு நிற்பதுதான் வழமையாக நடக்கிறது.

என்னிடம் இருப்பது டொயோட்டா எல்என்106 ஹைலக்ஸ் டபுள் கெப். 3எல் என்ற வகை எஞ்சின், 2779 சிசி. 2எல், 5எல் எஞ்சின்களுக்கும் இதே வேலைதான். சாதாரண டீசல் பம்ப் உள்ள பழைய மிட்சுபிஷி எல்200, இசுசு கெப்களுக்கும் முறை ஒன்றுதான், பில்டர் இருக்கும் இடம் மட்டும் மாறும். 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் கடைசியில் உள்ள பின்சேர்க்கை 1ஐ முதலில் வாசித்துவிட்டு வாருங்கள். அது முக்கியம்.

தண்ணீர் எப்படி வருகிறது? அரை டேங்கோடு வாகனம் நாட்கணக்கில் நின்றால் உள்ளே வியர்க்கும். டேங்க் மூடியின் ரப்பர் செத்திருந்தால் மழைநீர் இறங்கும். வெள்ளம் ஓடும் வட்டை வீதியில் இறக்கினால் டேங்கின் காற்றுக் குழாயாலும் போகும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்த கேன், பரல் எல்லாவற்றிலும் டீசலைச் சேர்த்து வைத்து ஊற்றினோமே, அந்தத் துருவும் மண்டியும் இன்னும் எத்தனையோ டேங்குகளின் அடியில் கிடக்கிறது. பம்புக்கு எண்ணெய் போடுவதே அதற்குள் ஓடும் டீசல்தான். டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் உள்ளே துருப்பிடிக்கும். அதற்குப் பிறகு வரும் பில் வேறு கணக்கு.

வேண்டிய சாமான்கள்

நல்ல பில்டர் ஒன்று. இதில் காசு பார்க்காதீர்கள். ஒரிஜினல் கிடைத்தால் ஒரிஜினல், இல்லையென்றால் பெயர் தெரிந்த ஜப்பான் பில்டர். பெட்டி மட்டும் ஒரிஜினல் மாதிரி இருக்கும் சாமானும் சந்தையில் உண்டு. ரப்பர் ரிங்கை விரலால் நசித்துப் பாருங்கள், கடினமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். 17 மில்லிமீற்றர் ஓப்பன் ஸ்பனர், பில்டர் கழற்றும் பெல்ட், கண்ணாடிப் போத்தல் ஒன்று, பழந்துணி நிறைய, ஒரு முழம் நிறமில்லாத தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ், புதிய டீசல் ஹோஸும் கிளிப்பும். அட்ஜஸ்டபிள் ஸ்பனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நொசிலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் சாமான்) போகும் பைப் நட்டின் மூலை தேய்ந்த வாகனங்கள் எல்லாமே அந்த ஸ்பனர் செய்த வேலைதான்.

படி 1: தண்ணீரை இறக்குங்கள்

வாகனம் இரவு முழுக்க அசையாமல் நின்றிருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் அடியில் தங்கும். பில்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைச் சில சுற்றுத் தளர்த்தி, கீழே போத்தலைப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள கைப் பம்பை அமத்துங்கள். போத்தலைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கீழே, டீசல் மேலே, நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். கறுத்த பொடி கிடந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டி வரும். அது வேறு நாள் வேலை. இறக்கியதை வாவிக்குள்ளோ வடிகானுக்குள்ளோ ஊற்றாதீர்கள்.

படி 2: பில்டரை மாற்றுங்கள்

கழற்றுவதை விளக்கத் தேவையில்லை. இரண்டு விசயம் மட்டும். அடியில் இருக்கும் தண்ணீர் சென்சரைப் பழைய பில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும். அதற்கு ஒரு தனி ஓ ரிங் இருக்கிறது, பில்டரோடு வந்தால் புதியதையே போடுங்கள். மேல் ரிங்குக்கு டீசல் பூசி, கையால் மட்டும் இறுக்குங்கள். பெல்ட் போட்டு இறுக்கினால் ரிங் நசியும், அங்கேயே காற்றுக்கு வழி திறந்துவிடுவீர்கள். பழைய ரிங் மேலே பில்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ரிங் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது.

புதிய பில்டரில் டீசல் நிரப்பிப் பூட்டலாமா? நடு ஓட்டையால் ஊற்றினால் அது வடிகட்டாமல் நேரே பம்புக்குப் போகும். நான் நிரப்புவதில்லை. கை கொஞ்சம் நோகும், அவ்வளவுதான்.

படி 3: காற்றை வெளியே எடுத்தல்

இதுதான் என்னை அலைய வைத்தது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கைப் பம்பை அமத்திக்கொண்டே இருங்கள். முதலில் வெறுமையாக ஆடும், பிறகு கனக்கும், கடைசியில் விரலால் அமத்த முடியாத அளவுக்கு விறைக்கும். விறைத்தால் பில்டரிலிருந்து பம்ப் வரை டீசல் நிறைந்துவிட்டது. இப்போது நொசிலுக்குப் போகும் நான்கு இரும்புப் பைப்புகளில் இரண்டின் நட்டை நொசில் பக்கத்தில் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். மேலே பழந்துணியைப் போட்டுவிட்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் ஆறட்டும். நுரையாக வந்தது சுத்த டீசலாக வரத் தொடங்கியதும் நட்டை இறுக்கிவிடுங்கள். எஞ்சின் பிடித்துவிடும். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது கையை நட்டின் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் சின்னது என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். வாகனம் ஓடுகிறது, சந்தோசம். அடுத்த நாள் காலை மறுபடி அதே இருமல். திரும்பவும் கைப் பம்ப், திரும்பவும் ஓடுகிறது, அடுத்த நாள் திரும்பவும் அதே கதை. பில்டர் புதியது, ரிங் புதியது, கீழே ஒரு சொட்டு டீசல் கூட இல்லை. பிறகு எங்கே பிழை?

இந்த எஞ்சினில் டேங்குக்குள் தனி மோட்டார் கிடையாது. எஞ்சினோடு பூட்டிய டீசல் பம்ப்தான் டேங்க் வரைக்கும் உறிஞ்சி இழுக்கிறது. வெடித்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிப்பது போல: வெடிப்பால் இளநீர் வெளியே வராது, வாய்க்குக் காற்றுத்தான் வரும். லைனில் எங்கோ மயிரளவு வெடிப்பு இருந்தால், ஓடும்போது கொஞ்சம் காற்று போகும், அது அவ்வளவாகத் தெரியாது. நிறுத்தி வைத்தால் இரவோடு இரவாக டீசல் பின்னுக்கு டேங்குக்கு இறங்கிவிடும். ஏறாவூரில் ஒரு பாஸ் (மெக்கானிக்) சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஒழுகினா நல்லம் தம்பி, எடம் தெரியும்."

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை. செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முன்பக்கம் தாழ, பின்பக்கம் உயர வாகனத்தை ஒரு இரவு நிறுத்துங்கள். நம்ம ஊர் மட்டமான நிலம், சரிவு தேடிப் போக வேண்டாம். பின் சில்லு இரண்டையும் ஒரு மண் மேட்டில் ஏற்றினால் போதும், முன் சில்லுக்குக் கட்டை வையுங்கள். காலையில் உடனே பிடித்தால், டீசல் பின்னுக்கு இறங்கியதுதான் கோளாறு.

அடுத்தது, பம்புக்குள் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தெளிந்த ஹோஸைப் பூட்டுங்கள். வேலை முடித்த கையோடு சில குமிழி வருவது இயல்பு. ஓட ஓட நிற்காமல் குமிழி சரம் சரமாக வந்தால் வெடிப்பு இருக்கிறது. சோதனை முடிந்ததும் தெளிந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள். டீசல் பட்டுப் பட்டு அது கல்லாகி வெடிக்கும்.

மூன்றாவது, சுத்தமான கேனில் டீசல் எடுத்து, பம்பை விட உயரமான இடத்தில் அசையாமல் கட்டி, அதிலிருந்து ஹோஸை நேரே பம்புக்குக் கொடுங்கள். எஞ்சின் குழப்பமில்லாமல் ஓடினால் பம்ப் நல்லது, பிழை டேங்குக்கும் பம்புக்கும் இடையில். பம்பை இறக்கச் சொன்னவரிடம் இதைச் செய்து காட்டலாம். சிகரட் பற்றும் ஆட்களைக் கிட்ட விடாதீர்கள்.

எனது வாகனத்தில் பிழை இருந்தது யாரும் பார்க்காத இடத்தில். டேங்கிலிருந்து வரும் இரும்புப் பைப் சேஸ் ஓரமாக ஓடி வருகிறது அல்லவா, அதைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புக்கு உள்ளே. கிளிப்புக்கும் பைப்புக்கும் இடையில் கடல் மண் புகுந்து, ஈரம் காயாமல் இருந்து, பைப்பைத் தின்றிருக்கிறது. வெளியே பெயின்ட் நல்லாக இருந்தது. கிளிப்பை விரித்து நகத்தால் சுரண்டியதும் துரு ஏடு ஏடாகக் கழன்றது, அடியில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை. கல்லடி, காத்தான்குடி, வாழைச்சேனை என்று கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களுக்கு இது வரும். மீன் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் கெதியாக வரும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின் தொட்டியால் ஒழுகி நேரே அந்தப் பைப்பில்தான் விழுகிறது. மீன் இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடியையும் சேர்த்துக் கழுவுங்கள்.

அது இல்லையென்றால் டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் துண்டுகளை மடித்துப் பாருங்கள், வெடிப்பு வாய் திறக்கும். கைப் பம்பின் மேல் பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தால் உள் ரப்பர் போய்விட்டது. ஒட்டுப் போடாமல் பில்டர் தலையோடு மாற்றுங்கள். சிலர் இடையில் மின்சாரப் பம்ப் ஒன்றைப் பூட்டிக் காற்றுப் பிரச்சினையை மறைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஓட்டை அப்படியே இருக்கும், இப்போது அதனால் டீசல் வெளியே சீறும். அதிக அழுத்தத்தில் டீசலைக் கொடுத்தால் பம்பின் உள் அழுத்தமும் கெட்டு, டீசல் பீச்சும் நேரமான டைமிங் குழம்பும்.

விரும்பினால்: இரண்டாவது தண்ணீர் பிரிப்பான்

இந்த வாகனத்தில் நான் செய்த மாற்றங்களில் காசுக்குப் பெறுமதியானது இதுதான். டேங்குக்கும் பில்டருக்கும் இடையில், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள பிரிப்பான் ஒன்று. பொனட்டைத் திறந்தவுடன் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் தெரியும். உழவு இயந்திரச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் தேடுவதற்குச் சிரமமில்லை. உங்கள் எஞ்சின் அளவுக்குப் போதுமானதா, வாய் உங்கள் ஹோஸின் உள் அகலத்துக்குச் சரியா என்று பார்த்து வாங்குங்கள். வாய் சின்னதென்றால் மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் மூச்சு வாங்கும். எஞ்சினில் பூட்டாதீர்கள், வாகனத்தின் பொடியில் (உடற்பகுதியில்) பூட்டுங்கள். சைலன்சர் பைப்புக்குத் தூரமாக இருக்கட்டும். ஒவ்வொரு புது மூட்டும் காற்றுக்கு ஒரு புது வாசல், அதனால் கிளிப் தரமானதாக இருக்க வேண்டும். திரீவீலருக்குப் போடும் சின்ன பிளாஸ்டிக் பில்டரை இந்த இடத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கழற்றி எறியுங்கள்.

மாரிக்கு முதல் ஒரு தடவை பில்டர் மாற்றுகிறேன். மழை நாட்களில் மாதம் ஒரு தடவை தண்ணீர் இறக்குகிறேன். டேங்கை அரைக்குக் கீழே விடுவதில்லை.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் தனது ஹைலக்ஸ் 2கேடி எஞ்சின் என்றும், நொசில் நட்டைத் தளர்த்தலாமா என்றும் கேட்டிருந்தார். கூடவே கூடாது. அது கொமன் ரெயில், அதாவது எல்லா நொசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும் வகை. அதில் அழுத்தம் பழைய எஞ்சினோடு ஒப்பிடவே முடியாது, ஆளையே கொல்லக்கூடியது. அதற்குக் கைப் பம்பை விறைக்கும் வரை அமத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணுவதோடு சரி. அதற்கும் பிடிக்காவிட்டால் தெரிந்த பாஸிடம் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: நட்டைத் தளர்த்தி எவ்வளவு அடித்தாலும் நொசிலுக்கு டீசலே வரவில்லை என்று இன்னொரு கேள்வி. கைப் பம்ப் விறைத்த பிறகும் அப்படியென்றால் பம்பின் மேலே வயர் பூட்டிய கட் ஓஃப் சொலனொய்டைப் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) பாருங்கள். சாவியை ஓன் பண்ணும்போது அதில் டிக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயர் நுனியைச் சுரண்டித் துடைத்து 12 வோல்ட் வருகிறதா என்று சோதியுங்கள். நிறைய வாகனங்களில் பில்டர் மாற்றும்போது கை பட்டு அந்த வயர் கழன்றுதான் இருக்கும்.

பின்சேர்க்கை 3: பம்பில், மிஞ்சிய டீசலைத் திரும்ப டேங்குக்கு அனுப்பும் ரிட்டர்ன் பைப்பைப் பிடிக்கும் போல்ட்டின் தலையில் அவுட் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். உள்ளே வரும் பக்கத்து போல்ட்டும் பார்வைக்கு அதே மாதிரித்தான், ஆனால் அவுட் போல்ட்டின் துவாரம் மிகச் சின்னது. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் பம்புக்கு டீசல் போதாமல் போகும், உள் அழுத்தமும் எழும்பாது. ஹோஸ் மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். செம்பு வொஷர்களையும் புதிதாகவே போடுங்கள்.