கல்லூரி லேபில் சிமுலேஷன் பயிலரங்கு நடத்துவது எப்படி?

பொறியியல் மென்பொருள் நிறுவனத்தின் கல்லூரித் தொடர்புப் பிரிவில் இருப்பவருக்கு முக்கியமான வேலை பயிலரங்கு. ஸ்லைடு காட்டிப் பேசிவிட்டு வந்தால் மாணவர் கையில் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். 60 பேரும் அவரவர் கணினியில் ஒரு கணக்கைத் தொடங்கி, விடையைத் தாங்களே சரிபார்த்து முடிக்க வேண்டும். பாகங்கள் சுமையில் எப்படி வளையும் என்று கணினியில் கணக்கிடும் ஆன்சிஸ் மெக்கானிக்கல் மென்பொருளை வைத்து, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் முடித்த மாணவர்களுக்கு நடத்தும் முறை இது.

தேதிக்குத் துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) பேசுங்கள். இன்டர்னல் தேர்வு வாரத்தைத் தவிருங்கள். ஆனால் பயிலரங்கு நடக்குமா நடக்காதா என்பது லேபின் சிஸ்டம் அட்மின் கையில் இருக்கிறது. பத்து நாள் முன்பே அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சி டிரைவில் எவ்வளவு இடம் காலி? கணினியைத் திரும்பத் தொடங்கும்போதெல்லாம் பழைய நிலைக்கே கொண்டுபோகும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறார்களா? அதை நிறுத்தாமல் மென்பொருளை நிறுவினால், கணினியை அணைத்துப் போட்டதும் எல்லாம் அழிந்துவிடும். லைசென்ஸ் சர்வருக்கான 1055 போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறதா?

இரண்டு நாள் முன்பு 60 கணினியிலும் ஒரே நேரத்தில் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஒரே கணினியில் திறந்து பார்ப்பது சோதனையே அல்ல. லைசென்ஸ் 25 பேருக்கு என்றால், 26ஆவது ஆள் உட்காரும்போதுதான் கோளாறு தெரியும். அப்படியானால் மீதிக் கணினிகளில் இலவச மாணவர் பதிப்பைப் போடலாம். அதற்குச் சர்வர் தேவையில்லை. அதன் நிறுவல் கோப்பை வெளி டிரைவில் கொண்டு போங்கள். எல்லாக் கணினியிலும் சேர்ந்து டவுன்லோடு செய்தால் கல்லூரி இணையம் திணறும். டிரைவ் FAT32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ExFAT ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும். 500 மிமீ நீளம், 20×20 மிமீ குறுக்குவெட்டு உள்ள எஃகு கேண்டிலிவர் பீம், அதாவது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட உத்திரம். மறுமுனையில் 100 நியூட்டன் சுமை. எஃகின் விறைப்பைக் குறிக்கும் E (யங் குணகம்) 200 ஜிகாபாஸ்கல். மவுஸைத் தொடுமுன் காகிதத்தில் போடச் சொல்லுங்கள்: முனை விலகல் 1.56 மிமீ, நடு நீளத்தில் வளைவுத் தகைவு (ஸ்ட்ரெஸ்) 18.75 மெகாபாஸ்கல், பிடிமானத்தில் 37.5. இந்த எண்கள் கையில் இருந்தால்தான் திரையில் வருவது சரியா தவறா என்று மாணவருக்கே தெரியும்.

பிறகு 5 மிமீ மெஷ், அதாவது பீமை 5 மிமீ கட்டங்களாகப் (எலிமென்ட்) பிரிப்பது; கட்டங்களின் இணைப்புப் புள்ளிகள்தான் நோடு. 1,600 எலிமென்ட், ஏறக்குறைய 9,000 நோடு, நொடிகளில் முடியும். ஆர்வத்தில் யாராவது 1 மிமீ கொடுப்பார்கள். அது 2 லட்சம் எலிமென்ட். எலிமென்ட், நோடு எண்ணிக்கைக்கு மாணவர் பதிப்பில் உள்ள 1,28,000 வரம்பைத் தாண்டி நின்றுவிடும். 2 மிமீ அடங்கும். விலகல் ஆயிரம் மடங்கு தப்பாக வந்தால் முதலில் அலகைப் பாருங்கள், மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்திருக்கும்.

இனி நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விலகல் 1.56இல் நிலைக்கும், பிடிமானத்தின் ஓரத்தில் தகைவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிடிமான முனையின் முகத்தை முழுதாகக் கட்டிவிட்டதால் பொருள் பக்கவாட்டில் சுருங்கவோ விரியவோ முடியாமல் மூலையில் உருவாகும் செயற்கை உச்சம் அது. மென்பொருள் காட்டும் அதிகபட்சத் தகைவை அப்படியே அறிக்கையில் எழுதும் பழக்கத்தை இங்கேயே நிறுத்தலாம். தகைவை நடு நீளத்தில் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து டெட்ரா (நான்முக வடிவ) மெஷ் போட்டு, எலிமென்ட் ஆர்டரை லீனியராக, அதாவது விளிம்பின் நடுவில் நோடு இல்லாத எளிய வகையாக மாற்றுங்கள். பீம் விறைத்துப் போய் விலகல் குறைவாக வரும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

10 மாணவருக்கு ஒரு உதவியாளர் வேண்டும். மாணவர்களே பந்தயக் கார் செய்து கலந்துகொள்ளும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி செய்யும் குழு அந்தக் கல்லூரியில் இருந்தால் அவர்களையே கேளுங்கள். இரண்டு ஆசிரியர்களுக்கு முந்தைய நாளே இதே கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் போன பிறகு லேபை நடத்தப்போவது அவர்கள். கோப்பைக் கல்லூரியில் உள்ள பதிப்பிலேயே சேமித்துக் கொடுங்கள். புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது.

இரண்டு வாரம் கழித்து, லைசென்ஸ் சர்வரில் பதிவாகும் பயன்பாட்டு விவரத்தை (லாக்) பார்க்க அட்மினிடம் கேளுங்கள். பயன்பாடு பயிலரங்கு நாளோடு நின்றிருந்தால் அந்த ஆசிரியர்களை அழைத்து, அடுத்த லேப் வகுப்புக்கான கணக்கைச் சேர்ந்து தயாரியுங்கள்.