'தி விட்சர் 3' இசையை ஊன்றிக் கேட்பது எப்படி?

2015 மே மாதம் வெளியான 'தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்' வீடியோ விளையாட்டின் இசையை ஊன்றிக் கேட்க விரும்புவோர், ஆல்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விளையாட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. நிலப்பகுதி மாறும்போதும் சண்டை மூளும்போதும் இசை மாறுகிற விதத்தை அங்கேதான் உணர முடியும்.

முதலில் ஒலி அமைப்புகளில் இசையை மட்டும் முழு அளவில் வைத்து, மற்ற ஒலிகளைக் குறைத்து, ஹெட்போன் அணிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் வரும் வெலன் என்னும் சதுப்புநிலத்தில் குதிரையை நிறுத்தி, சில நிமிடங்கள் எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பின்னர் ஓர் எதிரியை நெருங்கினால், அதுவரை தாழ்ந்து ஒலித்த இசையைத் தள்ளிக்கொண்டு தாளம் முன்னே வரும்.

மார்ச்சின் ப்ஷிபிவோவிச், மிகோவாய் ஸ்த்ரோயின்ஸ்கி ஆகிய இசையமைப்பாளர்களோடு, பெர்சிவல் என்னும் போலந்து நாட்டார் இசைக்குழுவும் இதில் பங்கேற்றது. 1999இல் தொடங்கப்பட்ட அக்குழு, இவ்விளையாட்டுக்கு அடிப்படையான விட்சர் கதைகளில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரைத்தான் அப்போதே தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தது. இந்த இசைக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்ததாக, ஒரே பாட்டின் இரு வடிவங்களை ஒப்பிட்டுக் கேளுங்கள். பல்கேரிய நாட்டார் பாடலான 'லாசரே'யைப் பெர்சிவல் குழு தனியாகப் பாடியிருக்கிறது. அதுவே விளையாட்டில் 'ஸ்டீல் ஃபார் ஹியூமன்ஸ்' என்னும் சண்டை இசையாக உருமாறியது. எஃகு வாள் மனிதரை எதிர்க்க, வெள்ளி வாள் அரக்க விலங்குகளை எதிர்க்க என்னும் கதைமரபே அந்தத் தலைப்பு. பெண் குரல்கள் தொண்டையைத் திறந்து, மெருகு பூசாமல் பாடுவதை இரண்டிலும் கவனியுங்கள். சண்டைக்கு வேகத்தைத் தருவது முரசைவிட அந்தக் குரல்கள்தான்.

2016இல் வந்த 'பிளட் அண்ட் வைன்' என்னும் விளையாட்டு விரிவாக்கத்தில் இசையமைப்பாளர் பியோத்ர் முசியாவும் சேர்ந்தார். அதைப் பிறகு கேட்டாலும் போதும்.

விளையாட்டில் வரும் ஸ்கெல்லிக் தீவுகளுக்கு மட்டும் அவசரமில்லாத ஒரு மாலையை ஒதுக்குங்கள். அங்கே ஒலிக்கும் 'தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆர்ட் ஸ்கெல்லிக்' இசையில் வரும் வரிகள், 'ஃபேர் அ வாட்டா' என்னும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாடலுடையவை. படகோட்டியைக் காதலிக்கும் பெண்ணொருத்தி, அவன் வருகிறானா என்று உயரமான குன்றிலிருந்து அடிக்கடி பார்ப்பதாக அப்பாடல் சொல்கிறது. அதன் பொருளை முன்பே படித்துக்கொண்டு, தீவின் மேட்டில் ஏறி, கடலைப் பார்த்தபடி நின்று கேளுங்கள்.